அந்தப் பழைய கியர்பாக்ஸைத் திருப்பி அனுப்பு

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நானும் மாமாவும் சௌக்கியம். வண்டி எங்கள் இருவரையும்விடச் சௌக்கியம், அதுதான் இந்தக் கடிதத்துக்கே காரணம். நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும் உன் புது வண்டிகளும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் நாலு வார்த்தை பேசுவதற்குள் "சரிக்கா, சரிக்கா, லோடு வந்துடுச்சு, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. வைத்தாலும், மறுபடி எடுக்கும்போது விட்ட இடத்திலேயே நான் காத்துக்கொண்டிருப்பேன்.

முதலில் நன்றி சொல்லிவிடுகிறேன், பிறகு திட்டுகிறேன். போன மாதம் நீ வந்திருந்தபோது என் பழைய பிக்கப்பில் கடைவீதி வரை வந்தாய் அல்லவா? பின்னால் லோடு ஏற்றுகிற இடத்தில் நின்றுகொண்டு கண்ணாடி வழியாக உள்ளே எட்டிப் பார்த்தாய். நான் மூன்றாவது கியர் போட்டதும் பக்கத்து இருக்கையில் இருந்த மாமா இரண்டு கையாலும் கியர் கம்பியைப் பிடித்துக்கொண்டதைப் பார்த்து உனக்கு மானம் போய்விட்டது. இறங்கியதும் இறங்காததுமாக, "என்னக்கா இது, ரிட்டயர் ஆன மனுஷனைக் கம்பி பிடிக்க வச்சிருக்கே! பார்க்கறவங்க என்னைத்தானே கேவலமா பேசுவாங்க?" என்றாய். மூன்றாவது கியர் போட்டால் நழுவி வெளியே வந்துவிடும், யாராவது பிடித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் என்று நான் விளக்கினேன். நீ கேட்கவில்லை. ஊருக்குப் போன கையோடு உன் மெக்கானிக்கையும், ரீகண்டிஷன் பண்ணின ஒரு கியர்பாக்ஸையும் அனுப்பிவைத்தாய். ரொம்ப நன்றி. நன்றி சொல்லியாகிவிட்டது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். என் வண்டிக்கு வயதாகிவிட்டது என்று நீ சொல்வதை நான் மறுக்கவில்லை. வயதானால் என்ன? கதவு வெளியிலிருந்துதான் திறக்கும், உள்ளேயிருந்து திறக்க வேண்டுமானால் கண்ணாடியை இறக்கிக் கையை வெளியே விட வேண்டும். காலையில் செல்ஃப் எடுக்காது, பேட்டரி முனையை ஸ்பானரால் ஒரு தட்டுத் தட்டினால் எடுத்துவிடும். காலியாகப் போனால் குதிக்கும், சிமெண்ட் மூட்டை ஏற்றினால் பெட்டிப்பாம்பாக அடங்கிப் போகும். உன் புது வண்டிகள் பழுதானால் கம்ப்யூட்டர் வந்து சொல்ல வேண்டும். என் வண்டி தானே சொல்லும். எந்தச் சத்தம் ஸ்பிரிங் பட்டையிலிருந்து வருகிறது, எந்தச் சத்தம் பிரேக்கிலிருந்து வருகிறது, எது வெறும் டூல்ஸ் பெட்டி உருள்கிற சத்தம் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லிவிடுவேன். இந்த வண்டி விஷயத்தில் என் காதில் யாரும் பூச்சுற்ற முடியாது. இந்த வண்டியை வைத்துத்தான் பாதி ஊரை வீடு மாற்றியிருக்கிறேன். மர வியாபாரி, டைல்ஸ் கடைக்காரர், கட்டில் செய்கிறவர் எல்லோரும் இன்றைக்கும் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள்.

உன் மெக்கானிக் நல்ல பையன்தான். வண்டிக்கு அடியில் போனவன், வெளியே வரும்போது கியரை மட்டும் சரிசெய்து நிறுத்திக்கொள்ளவில்லை. சைலன்சரில் இருந்த ஓட்டையையும் அடைத்துவிட்டான். "அக்கா, இனிமே வண்டி போறதே தெரியாது" என்று வாயெல்லாம் பல்லாகச் சொன்னான். அவன் சொன்னது அப்படியே பலித்தது. முன்பெல்லாம் நான் இரண்டு தெரு தள்ளி வரும்போதே மர வியாபாரி சத்தம் கேட்டு, ஆட்களை எழுப்பி, பலகைகளை வாசலில் அடுக்கி வைத்துவிடுவார். உன் மெக்கானிக் போன மறுநாள் நான் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு நிற்கிறேன், நிற்கிறேன், ஒருவரும் வரவில்லை. உள்ளே போனால் மனிதர் பனியனோடு பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார். "ஏம்மா இவ்வளவு லேட்டு?" என்று என்னையே கேட்டார். திரும்பும் வழியில் நடுரோட்டில் ஒரு நாய் படுத்திருந்தது. எத்தனையோ வருடப் பழக்கம், சத்தம் கேட்டால் எழுந்து ஓரமாகப் போகும். அன்றைக்கு அசையவே இல்லை. இறங்கிப் போய் எழுப்பினேன். என்னை அது பார்த்த பார்வை இருக்கிறதே, நான் ஏதோ திருடி மாதிரி.

சத்தம் போனதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். மாமா போய்விட்டார், அதுதான் தாங்கவில்லை. பயந்துவிடாதே, வீட்டில்தான் இருக்கிறார். வண்டியிலிருந்து போய்விட்டார். கியர்பாக்ஸ் மாற்றிய அன்று வழக்கம்போல என்னோடு ஏறினார். நான் மூன்றாவது போட்டேன். அவர் கை பாதி தூரம் வந்தது. "இனிமே உங்க கைக்கு லீவு" என்று நான் தமாஷாகச் சொன்னேன். கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார், வீடு வரும் வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் இடுப்பு வலி என்றார். அதற்கு மறுநாள் வெயில் என்றார். அதற்கப்புறம் காரணம் சொல்வதையும் நிறுத்திவிட்டார்.

அவர் இல்லாமல் ஒரு வீட்டைக் காலி செய்யப் போனேன் பார், அதை நினைத்தால் இப்போதும் தலை சுற்றுகிறது. பாட்டு டீச்சர் ஒருவரின் வீடு, மூன்றாவது மாடி. மாமா இருந்தால் முதல் நாளே டேப்பை எடுத்துப் போய்ப் படியின் திருப்பத்தையெல்லாம் அளந்துவிட்டு, "அலமாரி வராது, பிரிச்சுடு" என்று சொல்லியிருப்பார். எனக்கு அந்தப் பொறுமை ஏது? தூக்குங்கப்பா என்றேன், தூக்கினார்கள், இரண்டாவது மாடித் திருப்பத்தில் அலமாரி சிக்கிக்கொண்டது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. மேல்மாடிக்காரர்கள் ஆபீஸுக்குப் போக நிற்கிறார்கள். வேறு வழியில்லாமல் அலமாரியின் பின்பலகையைக் கழற்றினோம். அதற்கப்புறம் அந்தக் குடியிருப்பில் உள்ள ஜனங்களெல்லாம் அலமாரியின் கதவைத் திறந்து, உள்ளே நுழைந்து, பின்பக்கமாக வெளியே வந்து வேலைக்குப் போனார்கள். டை கட்டிய ஒருவர் போகும்போது மரியாதையாகக் கதவைச் சாத்திவிட்டுப் போனார். பாட்டு டீச்சர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். நான் "இதெல்லாம் சகஜம்மா" என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். சகஜம் இல்லை, தம்பி. என் சர்வீஸிலேயே இப்படி நடந்ததில்லை.

சரி, வீட்டுக்கு வந்தாலாவது நிம்மதி உண்டா? மாமாவின் கை சும்மா இருக்கமாட்டேன் என்கிறது. டிவி பார்க்கும்போது நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறார். டிவியில் கார் ஓடினால் அழுத்துகிறார், நின்றால் விடுகிறார். சமையலறை டப்பாக்களை உயரப்படி அடுக்குகிறேன் என்று அவர் மாற்றி வைத்ததில், நான் டீயில் உப்பைப் போட்டுப் பக்கத்து வீட்டு அம்மாளுக்குக் கொடுத்தேன். அந்த அம்மாள் நல்ல குணம், குடித்துவிட்டுப் போய்விட்டார், ஆனால் அதற்குப் பிறகு வரவில்லை. சாயங்காலங்களில் மாமா வாசலில் நின்றுகொண்டு தெருவில் போகிற வண்டிகளை நிறுத்தி, "உங்க வண்டி கிளட்ச் பிளேட்டு தேஞ்சிருக்கு போல, பார்த்துக்குங்க" என்கிறார். மாடியில் குடியிருக்கிறவர் இப்போது ஸ்கூட்டரைத் தெருமுனை வரை உருட்டிக்கொண்டு போய்த்தான் ஸ்டார்ட் செய்கிறார். குழாய் சொட்டுகிறது என்று மாமா திருகினார், திருகின திருகில் பிடியே கையோடு வந்துவிட்டது, மூன்று வீட்டுக்காரர்கள் வந்து துணியால் அடைத்தார்கள். நான் கேட்டால், "சும்மா உட்கார்ந்திருக்க முடியலை" என்று ஒரே பதில்.

இதெல்லாம் சிரிக்கிற விஷயம், சிரித்துக்கொள். இனி எழுதப்போவதற்குச் சிரிக்காதே. மாமா எப்படிப்பட்டவர் என்று உனக்குத் தெரியும். கல்யாணமான நாளிலிருந்து ஆபீஸ் போவார், வருவார், "தண்ணி கொடு", "ஃபேன் போடு", இதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. ரிட்டயரானதும் அதுவும் நின்றுபோனது. அந்தச் சமயத்தில்தான் வண்டியின் மூன்றாவது கியர் நழுவ ஆரம்பித்தது. "கொஞ்சம் வந்து பிடியுங்களேன்" என்று ஒருநாள் கூட்டிக்கொண்டு போனேன். அன்றிலிருந்து அவர் இல்லாமல் நான் வண்டி எடுத்ததே இல்லை. ஏறி உட்கார்ந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு, ரோட்டைப் பார்த்தபடி பேச ஆரம்பித்தார், தம்பி! முகத்துக்கு முகம் பார்த்தால் அவருக்குப் பேச்சு வராது போலிருக்கிறது. ரோட்டைப் பார்த்தால் வருகிறது. ஆபீஸில் மேலதிகாரியிடம் திட்டு வாங்கிவிட்டுக் குளியலறையில் போய் அழுததைச் சொன்னார். நான் இந்த வண்டியை வாங்கியபோது வெளியே கோபப்பட்டாலும் உள்ளுக்குள் பெருமையாக இருந்ததாகச் சொன்னார். நான் லோடு ஏற்றிக்கொண்டு வெளியூர் போன நாட்களில் நான் திரும்பும் வரை சாப்பிட்டதில்லை என்றார். முப்பது வருடத்துப் பேச்சை மூன்றாவது கியரில் பேசினார். நாலாவது போட்டால் நிறுத்திவிடுவார், அதனால் நான் நாலாவது போடுவதையே குறைத்துக்கொண்டேன். டீசல் கொஞ்சம் கூடத்தான் குடித்தது, குடிக்கட்டும்.

எனக்கு அந்தப் பேச்சு வேண்டும். சுற்றி வளைக்காமல் சொல்கிறேன், அவர் பக்கத்தில் இல்லாமல் வண்டி ஓட்ட எனக்குப் பிடிக்கவில்லை. "வாங்க" என்று கூப்பிட்டால், "நான் எதுக்கு?" என்கிறார். கம்பி பிடிக்க என்று சொல்ல முடியாமல் நீ செய்துவிட்டாய். ஆகவே நான் முடிவு செய்துவிட்டேன், நான் முடிவு செய்தால் சரியாகத்தான் இருக்கும் என்பது உனக்குத் தெரியும். உன் மெக்கானிக் கழற்றிக்கொண்டு போன என் பழைய கியர்பாக்ஸ் உன் ஷெட்டில் ஏதாவது மூலையில் கிடக்கும். அதைத் துடைக்காமல், கிரீஸ் போடாமல், தயவுசெய்து ஒன்றும் சரிசெய்யாமல், அப்படியே அனுப்பிவை. மாட்டுவதற்கு அதே பையன் வரட்டும். சைலன்சர் ஓட்டையையும் அவனே திறந்துவிட்டுப் போகட்டும். மாமாவிடம், "புதுப் பெட்டி ஒத்துக்கலை மாமா" என்று ஒரு வார்த்தை நீயே போனில் சொல்லிவிடு. என் பக்கம் இருந்து ஒன்றும் தெரியக்கூடாது. அவருக்கு ரோஷம் அதிகம்.

பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். உன் மனைவி என்னை மாதிரியே பிடிவாதக்காரி, அதனால் உன் குடும்பம் நன்றாகவே இருக்கும். நீ நீண்ட காலம் நோய்நொடி இல்லாமல், பஞ்சர் இல்லாமல், எல்லா லோடும் நேரத்துக்குப் போய்ச்சேர வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உன் நலத்தையே நினைக்கும்
அக்கா

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போட்டு ஒட்டாமல் மேசையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். வந்து பார்த்தால் மாமா கையில் இருக்கிறது. முழுவதும் படித்துவிட்டார். இரண்டு இடத்தில் பென்சிலால் கமா வேறு போட்டிருக்கிறார், நீயே பார்த்துக்கொள். பிறகு வாசல் பக்கம் பார்த்துக்கொண்டு, "நீ ஒருதரம் காய்ச்சல்ல படுத்திருந்தியே, ஞாபகம் இருக்கா? அப்பவே நான் வண்டியைக் கொண்டுபோய் அந்தக் கியரைச் சரி பண்ணிட்டேன். உள்ளே ஒரு சின்ன ஸ்பிரிங்தான் போயிருந்தது" என்றார். அது நடந்து மூன்று வருடம் இருக்கும். "அப்ப இத்தனை நாளா எதைப் பிடிச்சிட்டு வந்தீங்க?" என்று கேட்டேன். "சொன்னா நீ இறக்கி விட்டுடுவியே" என்றார். உன் மெக்கானிக் பழைய பெட்டியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, அதில் பழுதே இல்லை என்று இவரைப் பார்த்துச் சிரித்தானாம். என்னிடமும் சொல்லியிருப்பான், அதனால்தான் "கைக்கு லீவு" என்று குத்திக் காட்டுகிறேன் என்று நினைத்து வெட்கப்பட்டு வீட்டிலேயே இருந்துவிட்டாராம். "எனக்கு அப்பவே தெரியுங்க, சும்மா விட்டுட்டேன்" என்று சொல்லிவிட்டேன். சத்தியமாகத் தெரியாது, தம்பி. இதை நீ அவரிடம் சொன்னால் உன்னோடு பேசமாட்டேன். இந்தப் பக்கத்தை வண்டியில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன், மாமா பக்கத்தில் இருக்கிறார், போகும் வழியில் தபால்பெட்டியில் போடப்போகிறோம். "இப்பப் பிடிக்க ஒண்ணும் இல்லையே" என்றேன். "நீ மூணாவது போடு" என்றார். அதனால் பழைய கியர்பாக்ஸை அனுப்பாதே. தேவைப்படுகிற வேறு யாருக்காவது கொடுத்துவிடு. நல்ல பெட்டி, மூன்றாவது கியர் நழுவவே நழுவாது.