மழைத் தோட்டத்தைக் காத்த செயலாளர்

உலகத்தின் பெரிய நாகரிகங்கள் எல்லாம் ஆற்றங்கரையில் தோன்றின. எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் நாகரிகம் மட்டும் ஒரு குழியில் தோன்றியது. அந்தக் குழியை வெட்டச் சொன்னவன் அடியேன், குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர்.

பாமரர்கள் அதைக் குழி என்பார்கள். முறையான பெயர் ‘மழைத் தோட்டம்’. மொட்டை மாடியிலும் முற்றத்திலும் விழுகிற மழை அதில் வந்து சேர வேண்டும். அடியில் கொட்டியிருக்கும் மணலும் ஜல்லியும் அதை மெல்ல மண்ணுக்குள் இறக்க வேண்டும். அவ்வளவுதான் தத்துவம். ஒரு கருத்தரங்கில், மதியச் சாப்பாட்டுக்குப் பின் அரைத் தூக்கத்தில் இதைக் கற்றேன். மற்றவர்கள் முழுத் தூக்கத்தில் இருந்ததால் அந்த அரங்கில் நானே நிபுணன்.

திட்டத்துக்குக் காரணம் என் அக்கா. தரைத் தளத்தில் இருக்கிறாள். வீட்டிலேயே திரைச்சீலை தைத்துக் கொடுத்துப் பிழைக்கிறாள். மழை வலுத்தால் முற்றத்துத் தண்ணீர் யாரும் கூப்பிடாமலே அவள் கூடத்துக்குள் வந்துவிடும். துணிக் கட்டுகளைக் கட்டில்மேல் ஏற்றிவிட்டு, தானும் ஏறி உட்கார்ந்து எனக்குப் போன் செய்வாள்.

“டேய், இன்னொரு தடவை துணி நனைஞ்சா ஒருத்தரும் எனக்கு வேலை தர மாட்டாங்கடா. ஏதாவது பண்ணு.”

பண்ணினேன். ஒரு குழு அமைத்தேன். குழு கூடி ஒரு துணைக்குழு அமைத்தது. துணைக்குழு கூடி, கூட்டத்துக்கு வைத்த பிஸ்கட் போதவில்லை என்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேற்றியது. இத்தனை தடைகளையும் தாண்டிக் குழி வந்தது. வண்டி நிறுத்துமிடத்தில் தண்ணீரை உறிஞ்சும் துளைக் கற்களும் வந்தன.

சொன்னால் நம்ப மாட்டீர்கள், அது வேலை செய்தது! அடுத்த மழையில் அக்கா வீட்டுக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. அக்கா போனில் அழுதாள். அத்தோடு விட்டிருந்தால் நான் நல்ல தம்பியாக மட்டும் இருந்திருப்பேன். ஆனால் நான் செயலாளர். ‘பசுமைக் குடியிருப்பு விருது’க்கு விண்ணப்பித்தேன்.

விருது என்றதும் எங்கள் சங்கத் தலைவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குழியைச் சுற்றி வந்தார்.

“செயலாளரே, குழி பாக்கறதுக்குக் குழி மாதிரியே இருக்கே?”

“அது குழிதாங்க.”

“நடுவர் வந்து பாக்கும்போதும் அப்படியேதான் இருக்கணுமா?”

நியாயமான கேள்வி. நாசுக்கான பூச்செடிகள் வாங்கி நட்டோம். வெள்ளைக் கூழாங்கல் பரப்பினோம். துளைக் கற்களின் துளைகளில் தூசி போகிறது என்று புகார் வந்தது. துளைகளை அடைத்து, மேலே பளபளவென்று பூச்சும் பூசினோம். அதன்பிறகு தூசி போகவில்லை. வேறெதுவும் போகவில்லை.

நடுவர் வரும் நாளன்று வானம் கறுத்தது. முதல் தூறல் விழுந்ததும் தலைவர் கையை உதறிக்கொண்டு ஓடி வந்தார்.

“செயலாளரே, போச்சு! தோட்டத்துல மழை பெய்யுது!”

அவசரக் கூட்டம் கூடியது. மழைத் தோட்டத்தில் மழை பெய்தால்தான் என்ன என்று எனக்கு ஒரு கணம் தோன்றத்தான் செய்தது. பொறுப்பான பதவியில் இருப்பவர்களுக்கு இப்படித் தோன்றுவதெல்லாம் ஒரு கணம்தான். ‘தோட்டப் பாதுகாப்பு நடவடிக்கை’ என் தலைமையில் தொடங்கியது. குழியின் மேல் தார்ப்பாயை இழுத்துக் கட்டச் சொன்னேன். மொட்டை மாடிக் குழாயின் வாயையும் வெளிப்பக்கம் திருப்பச் சொன்னேன்.

“கல்லு மாதிரி கட்டிட்டேன் சார். ஒரு சொட்டு உள்ள போவாது,” என்றார் தோட்டக்காரர். சொன்னபடியே போகவில்லை. கொட்டிய மழை முழுவதும் தார்ப்பாயில் சறுக்கி, பளபளப்பான கற்களில் வழுக்கி, முற்றத்தைக் கடந்து போனது. எந்தப் பக்கம் போனது என்று பார்க்க எனக்கு நேரமில்லை. சட்டைப்பையில் போன் அடித்தது. அக்கா. கட் செய்தேன். மறுபடி அடித்தது. மறுபடியும் கட் செய்தேன்.

மழை விட்டது. தார்ப்பாயைச் சுருட்டி மறைக்கவும் நடுவரம்மாவின் கார் நுழையவும் சரியாக இருந்தது. இறங்கியவர் குழியைப் பார்த்து அசந்துவிட்டார்.

“இவ்வளவு மழை பெஞ்சும் ஒரு சொட்டு நிக்கலையே! தண்ணியெல்லாம் எங்கங்க போச்சு?”

“உள்ள போயிடுச்சும்மா,” என்றேன்.

யார் வீட்டுக்குள்ளே என்று அவர் கேட்கவில்லை.

விருதை அங்கேயே கொடுத்துவிட்டார்கள். முன்கூட்டியே என் பெயர் பொறித்துக் கொண்டுவந்த கேடயம். நல்ல அகலமான, கனமான தேக்குப் பலகை. அதை மார்போடு அணைத்துக்கொண்டு நேராக அக்கா வீட்டுக்குப் போனேன். கூடத்தில் கணுக்கால் அளவு தண்ணீர். கட்டில்மேல் ஏற்ற நேரமில்லாத துணிக் கட்டுகள் அதில் ஊறிக் கிடந்தன. மறுநாள் கொடுக்க வேண்டிய திரைச்சீலை ஒன்றைப் பிழிந்துகொண்டிருந்தாள் அக்கா. சாயம் இறங்கி அவள் கையெல்லாம் நீலமாக இருந்தது. அப்போதும் என் வாய் சும்மா இருக்கவில்லை.

“அக்கா, நமக்கு விருது!”

அவள் கேடயத்தை வாங்கி, வாசலுக்குக் குறுக்கே நிறுத்தி, காலால் ஓர் உதை விட்டாள். நிலைப்படிக்குள் கச்சிதமாக இறுகிக்கொண்டது. முற்றத்திலிருந்து வந்துகொண்டிருந்த தண்ணீர் நின்றது.

“அக்கா, அதுல என் பேரு இருக்கு.”

“தெரியுது. அந்தப் பக்கத்தை உள்ள பாக்கத்தான் வச்சிருக்கேன். உன் பேரு நனையாது.”

“இந்தத் திட்டமே உனக்காகத்தானேக்கா போட்டேன்.”

அக்கா பிழிந்த துணியை உதறினாள்.

“உன் வீடு எத்தனாவது மாடி?”

அவளுக்குத் தெரியாதா என்ன? இருந்தாலும் சொன்னேன். “நாலாவது.”

“அதான். அங்கேருந்து பாத்தா தோட்டம் மட்டுந்தான்டா தெரியும்.”