மாமனார் டிஸ்க்கும் மருமகள் கீரியும்

ஒரு காட்டில், வெள்ளம் வந்து வடிந்த பிறகுதான் மேட்டு நிலம் என்று ஒன்று இருப்பதே நினைவுக்கு வரும் சிங்க அரசாங்கம் நடந்துகொண்டிருந்தது. அந்தக் காட்டின் பள்ளத்தில், ஆற்றுக்கு மிக அருகில், அதாவது ஆறு மனசு வைத்தால் உள்ளேயே வந்து உட்கார்ந்துவிடும் தூரத்தில், ஒரு கீரிக் குடும்பம் வளை தோண்டி வாழ்ந்துவந்தது.

குடும்பத் தலைவன் பெயர் நாகராஜன். கீரிக்கு எதற்கு இந்தப் பெயர் என்று கேட்கக் கூடாது. அவன் அம்மா தையல்நாயகி பிள்ளை வரம் வேண்டிப் புற்றுக்குப் பால் ஊற்றிப் பெற்ற பிள்ளை அவன். புற்றுக்குள் இருந்தவர் பாலைக் குடித்தாரா, அல்லது வாசலில் நிற்பது கீரி என்று தெரிந்ததும் பின்பக்கமாக ஓடினாரா என்பது பற்றித் தகவல் இல்லை.

நாகராஜனின் மனைவி வத்சலா. போன மழைக்காலம் முழுக்க முழங்கால் தண்ணீரில் நின்று சமைத்தவள். ஒருநாள் ரசத்தில் தவளை மிதந்தது. அவள் போட்டதா, தானாக நீந்தி வந்ததா என்று அவளுக்கே தெரியவில்லை. "ருசி நல்லாத்தான் இருக்கு" என்றான் நாகராஜன். அன்றைக்கே வத்சலா அணைந்துபோன அடுப்பின் மேல் கைவைத்துச் சத்தியம் செய்தாள்: இன்னொரு மழையை இந்த வளையில் பார்ப்பதில்லை.

நல்லவேளையாக, சிங்க அரசாங்கம் மேட்டு வளைத் திட்டம் என்று ஒன்றை அறிவித்தது. குன்றின் மேல், தண்ணீர் எட்டாத இடத்தில் வளை. இணையத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும். வெள்ளிக்கிழமை சூரியன் மறைவதோடு சரி. பழைய வளையின் பட்டாவும், வெள்ளத்தில் நனைந்தபடி எடுத்த குடும்பப் படமும் இணைக்க வேண்டும். முகம் தெளிவாகத் தெரிய வேண்டும். தண்ணீரும் தெளிவாகத் தெரிய வேண்டும்.

இரண்டும் வீட்டுக் கம்ப்யூட்டரில் இருந்தன. ஆனால் அந்தக் கம்ப்யூட்டர், காலமான மாமனார் வாங்கியது. காலையில் வத்சலா அதன் பொத்தானை அழுத்திவிட்டுப் போய்க் குளித்து, எலி உரித்து, குழம்பு கூட்டி இறக்கி வைத்தால், அப்போதுதான் திரையில் ஒரு வட்டம் சுற்ற ஆரம்பிக்கும். அரசாங்கத்தின் பக்கம் திறந்து, பட்டாவை ஏற்றுவதற்குள், 'உங்கள் நேரம் முடிந்துவிட்டது, முதலிலிருந்து தொடங்கவும்' என்று வந்துவிடும்.

சேவை மையத்துக்குப் போகலாமென்றால், அங்கே வரிசையில் பாதிப் பேர் பாம்புகள். நாகராஜன் ஒருநாள் போய் நின்று பார்த்தான். முன்னால் நின்ற சாரைப்பாம்பு திரும்பிப் பார்த்தது. அவ்வளவுதான், வரிசையே கலைந்து புதருக்குள் போய்விட்டது. கவுண்டரில் இருந்த ஆந்தை, "சட்டம் ஒழுங்குப் பிரச்சினை ஆகுது, கிளம்புங்க சார்" என்று அவனைத் திருப்பி அனுப்பியது.

வேறு வழியில்லாமல் 'வாயுவேகம் கம்ப்யூட்டர் ரிப்பேர்' கடைக்காரரைக் கூப்பிட்டார்கள். கடைக்காரர் ஏகாம்பரம் ஒரு தேவாங்கு. கடை அடுத்த மரத்தில்தான் இருந்தது. கூப்பிட்டதற்கு மறுநாள் வந்து சேர்ந்தார்.

பெட்டியைத் திறந்து, காதை வைத்துக் கேட்டு, பெரிய கண்களை மெதுவாக மூடித் திறந்தார்.

"டிஸ்க்குக்கு வயசாயிடுச்சும்மா. உள்ள தட்டு சுத்துது, ஊசி தேடுது. கிடைக்கறதுக்குள்ள என்னத்தைத் தேடினோம்னே அதுக்கு மறந்துடுது."

"அதுக்கு மட்டுமா?" என்றாள் வத்சலா.

"புது டிஸ்க்கு போட்டுடலாம். அதுல சுத்தற தட்டே கிடையாது, சத்தமும் வராது. பழசுல இருக்கறதை அச்சு அசலா புதுசுல காப்பி எடுத்துடலாம். குளோனிங்னு பேரு."

"எல்லாமேவா? மாமா சேர்த்து வெச்ச குட்மார்னிங் படமெல்லாம் கூடவா?"

"அதுவுந்தான். அச்சு அசல்னா நல்லது கெட்டது பாக்காதும்மா. ஆனா ஒரே ஒரு விஷயம். காப்பி எடுத்து முடிச்சதும், புதுசை முதல் தடவை எழுப்பறப்போ பழசைக் கழட்டி வெளிய வெச்சுடணும். ரெண்டுக்கும் ஒரே அடையாளம் இல்லையா, கூட இருந்தா மெஷின் குழம்பிடும்."

மூலையில் பாக்கு இடித்துக்கொண்டிருந்த தையல்நாயகியின் உலக்கை நின்றது.

"என்னது? கழட்டணுமா? அவர் கையால வாங்கினது! அவர்தான் போயிட்டார், அதாவது இருக்கேன்னு பாத்துட்டிருக்கேன். வீட்டுக்குப் புதுசா ஒண்ணு நுழையற நேரத்துல பெரியவங்களை வாசல்ல நிறுத்துவாங்களா? இவ இந்த வீட்டுக்குள்ள கால் வெச்சப்போ நான் முன்னால நின்னு ஆலாத்தி எடுக்கலை?"

"அத்தை, அது கல்யாணம். இது டிஸ்க்கு."

"உனக்கு எல்லாமே டிஸ்க்குதான்."

வத்சலா கணவனைப் பார்த்தாள். நாகராஜன் மேலே பார்த்தான். மேலே வேர் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. அதில் பதில் இல்லை.

"ஒரு ஓரமா இருந்துட்டுப் போகட்டுமே வத்சு. அது பாட்டுக்கு அது இருக்கு."

இந்த உலகத்தில் இதுவரை எதுவும் ஒரு ஓரமாக, அது பாட்டுக்கு இருந்துவிட்டுப் போனதில்லை. ஏகாம்பரத்துக்கும் அது தெரியும். ஆனால் தையல்நாயகி அதற்குள் அவர் கையில் காபி டம்ளரைத் திணித்திருந்தாள். காபி குடித்த வாயால் எப்படி எதிர்த்துப் பேசுவது? பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் பொருத்தி, இரண்டுக்கும் கேபிள் கொடுத்து, காப்பி எடுத்து முடித்தார்; பழையதைக் கழட்டவில்லை. தையல்நாயகி இரண்டுக்கும் பொட்டு வைத்துக் கற்பூரம் காட்டினாள். பொத்தானை அழுத்தினார்கள்.

கரகர, கரகர என்று சத்தம் வந்தது.

வத்சலா குளித்து, எலி உரித்து, குழம்பு இறக்கினாள். வட்டம் சுற்ற ஆரம்பித்தது.

"ஏங்க ஏகாம்பரம், புதுசு சத்தமே போடாதுன்னீங்களே?"

"அதான்மா எனக்கும் புரியலை."

அடுத்த நாள் முழுக்கப் பரிசோதனை நடந்தது. கேபிளை மாற்றிப் போட்டார். தூசியை ஊதினார். தூசி மாமனார் காலத்தது, எல்லோரும் தும்மினார்கள். மெஷினுக்குள் யாரை முதலில் எழுப்புவது என்று ஒரு முறை இருக்கிறதாம், அதில் புதியதை முன்னாலும் பழையதைப் பின்னாலும் மாற்றி வைத்தார். கரகர. நாகராஜன் தன் பங்குக்கு வாஸ்து பார்த்து, பெட்டியை ஈசானிய மூலைக்குத் திருப்பி வைத்து, மேலே ஒரு எலுமிச்சம்பழம் வைத்தான். கரகர. எலுமிச்சம்பழம் உருண்டு விழுந்தது.

"பாத்தியா?" என்றாள் தையல்நாயகி, மிகவும் சந்தோஷமாக. "அவர் இல்லாம இந்த வீட்டுல ஒண்ணும் நடக்காது."

வெள்ளிக்கிழமை காலையில்தான் ஏகாம்பரத்துக்கு விஷயம் பிடிபட்டது.

"புதுசு ஒழுங்கா முதல்லயே எழுந்துக்குதும்மா. எழுந்து என்ன பண்ணுது தெரியுமா? 'எதுவா இருந்தாலும் பெரியவரைக் கேட்டுக்கோங்க'ன்னு பழசைக் கை காட்டிட்டு மறுபடியும் படுத்துக்குது. முதல் தடவையே ரெண்டையும் சேர்த்து எழுப்பினோம் பாருங்க, அப்பவே பழகிடுச்சு. பேருக்குத்தான் இது எழுந்திருக்குது. வேலை பூரா கிழவர் பாக்கறார்."

வத்சலா நெடுநேரம் நாகராஜனையே பார்த்தாள்.

"என்ன, என்னையே பாக்கறே?"

"ஒண்ணுமில்ல. அச்சு அசல்."

தையல்நாயகி குளிக்கப் போன சமயம் பார்த்து, பழையதன் கேபிளை உருவிவிட்டு முயற்சி செய்தார்கள். திரை கறுப்பாகவே இருந்தது. தனியாக விட்டதும் புதியதற்கு ஒன்றுமே செய்யத் தெரியவில்லை. இதற்கும் வத்சலா கணவனைப் பார்த்திருப்பாள், ஆனால் அவன் அதற்குள் அம்மாவுக்குத் துண்டு எடுத்துக்கொண்டு போயிருந்தான்.

"இப்ப என்ன வழி?" என்றாள்.

"மறுபடியும் முதல்லேர்ந்து காப்பி எடுக்கணும். எடுத்த கையோட பழசைப் பிரிச்சுடணும். புதுசு கண்ணு முழிக்கறப்போ பழசு கண்ணுலயே படக் கூடாது. பட்டுதோ, திரும்பவும் இதே கதைதான்."

காப்பி எடுக்க ஆரம்பித்தார்கள். திரையில் ஒரு பட்டை நத்தை மாதிரி நகர்ந்தது. நத்தைகளே வந்து பார்த்துவிட்டுப் போயின. ஆயிரக்கணக்கான ரோஜாப்பூக்களும் சூரிய உதயங்களும் காலை வணக்கங்களும் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் குடிபெயர்ந்தன. சூரியன் நடுவானிலிருந்து தேக்கு மரத்துக்கு இறங்கியது. தேக்கிலிருந்து மூங்கிலுக்கு இறங்கும்போது பட்டை நிரம்பியது.

ஏகாம்பரம் ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். தையல்நாயகி வந்து பெட்டியை ஒட்டிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"இப்ப எதுக்கு அவரைத் தொடறே?"

"அத்தை, சூரியன் இறங்கிடுச்சு. இன்னைக்கு விட்டா வளை கிடையாது. தண்ணி வந்தா நீங்களும்தான் மூழ்குவீங்க."

"மூழ்கினா மூழ்கறேன். அவரோட சேர்ந்து மூழ்கறேன். உனக்கென்ன?"

"அம்மா சொல்றதுலயும் ஒரு இது இருக்கு" என்று ஆரம்பித்தான் நாகராஜன்.

"நீங்க அந்த எலுமிச்சம்பழத்தைத் தேடி எடுங்க" என்றாள் வத்சலா.

கத்தலாம் என்றுதான் வாயைத் திறந்தாள். மூன்று நாளாகச் சேர்த்து வைத்திருந்தவை வரிசையாகத் தொண்டையில் நின்றன. ஆனால் கத்தினால் மாமியார் அழுவாள். அழுதால் நாகராஜன் சமாதானம் செய்வான். சமாதானம் முடிவதற்குள் சூரியன் மூங்கிலையும் தாண்டிவிடும். நியாயம் பேசி இந்த வீட்டில் ஒரு டம்ளரைக்கூட இடம் மாற்ற முடிந்ததில்லை. வத்சலா வாயை மூடி, எச்சில் விழுங்கி, பக்கத்து வளையில் தயிர் இரவல் வாங்கப் போகும்போது மட்டும் உபயோகிக்கும் குரலை வெளியே எடுத்தாள்.

"அத்தை சொல்றதுதான் சரி."

எல்லோரும் பயந்துபோனார்கள். ஏகாம்பரம் ஸ்க்ரூடிரைவரைக் கீழே போட்டார்.

"நான்தான் புத்தி கெட்டுப்போய் இருந்துட்டேன். எப்பேர்ப்பட்ட மனுஷர் மாமா! அவரைக் கொண்டுபோய் இப்படி ஒரு தகர டப்பாவுக்குள்ள, தூசியில, ஸ்க்ரூ போட்டு முடுக்கி வெச்சிருக்கோமே, இது அடுக்குமா? போதாக்குறைக்கு, நேத்து வந்த ஒண்ணோட சரிசமமா பக்கத்துல உக்கார வெச்சிருக்கோம். பாக்கறவங்க என்ன சொல்வாங்க? மாமாவோட இடம் சாமி மாடம் இல்லையா அத்தை?"

தையல்நாயகி வாயைத் திறந்தாள். இதில் எங்காவது ஒரு குறை இருக்க வேண்டும் என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. குறை கண்டுபிடிப்பதில் அந்தக் காட்டிலேயே அவளுக்கு ஈடு கிடையாது. ஆனாலும் கையில் அகப்படவில்லை.

"சும்மா அப்படியே கல்லு மாதிரி வைக்கக் கூடாது" என்றாள் கடைசியில்.

"சும்மாவா? என் கூறைப் பட்டுல வைக்கறேன்."

"பூ?"

"முல்லை."

"சரி, எடு."

ஏகாம்பரம் தன் வாழ்நாளிலேயே முதல்முறையாக ஒரு காரியத்தை வேகமாகச் செய்தார். கேபிளைப் பிடுங்கினார். பழைய டிஸ்க் பட்டில் சுற்றப்பட்டு, பூ சூடி, மாடத்தில் ஏறி அமர்ந்தது. தையல்நாயகி முன்னால் நின்று கண்ணை மூடிக் கும்பிட்டாள். நாகராஜன் மணி அடித்தான். அந்த மணிச்சத்தத்துக்கு நடுவில் வத்சலா பொத்தானை அழுத்தினாள்.

சத்தமே இல்லை. கெட்டுப்போய்விட்டது என்றுதான் நினைத்தாள். நிமிர்ந்து பார்த்தால், திரை வெளிச்சம் போட்டுக்கொண்டு அவளுக்காகக் காத்துக்கொண்டிருந்தது. அவளுக்காக அந்த வீட்டில் எதுவும் காத்திருந்து அவள் பார்த்ததில்லை.

பட்டாவை ஏற்றினாள். ஏறியது. படத்தை ஏற்றினாள். அதுவும் ஏறியது. 'குடும்பத் தலைவர் பெயர்' என்று கேட்டது.

"ஏங்க, உங்க பேரைப் போடட்டுமா?"

"இரு, அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு…"

சூரியனில் பாதிதான் பாக்கி இருந்தது. வத்சலா தன் பெயரை அடித்து, அனுப்பினாள். 'விண்ணப்பம் பெறப்பட்டது. நன்றி, வத்சலா அவர்களே' என்று வந்தது. அதை அவள் இரண்டு தரம் படித்தாள்.

ஐப்பசியில் ஆறு வழக்கம்போலப் பழைய வளைக்கு வந்தது. யாரும் இல்லாததால் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுத் திரும்பியது. கீரிக் குடும்பம் குன்றின் மேல், உலர்ந்த வளையில் இருந்தது.

குடிவந்த அன்றே தையல்நாயகி இடுப்பில் சாவிக்கொத்தைச் செருகிக்கொண்டு அடுக்களைப் பக்கம் நடந்தாள். வத்சலா ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன அத்தை இது! நீங்க போய் அடுக்களையில நிக்கறதா? ஊர் என்னைக் காறித் துப்பாதா?"

கூடத்தில், வாசலைப் பார்த்த உயரமான இடத்தில் ஒரு மெத்தை போட்டாள். மெத்தை மேல் பட்டு விரித்தாள். மாமியாரை அதில் உட்கார்த்தி, தலையில் முல்லை வைத்து, கனமாக இருக்கும் என்று சாவிக்கொத்தை வாங்கிக்கொண்டாள். வந்து போகிறவர்கள் எல்லோரும் தையல்நாயகியை விழுந்து கும்பிட்டார்கள். அடுக்களை வளையின் அந்தக் கோடியில் இருந்தது. அங்கே என்ன வேகிறது, எவ்வளவு உப்பு, யார் யாருக்கு எத்தனை எலி என்பதெல்லாம் கூடத்துக்கு எட்டுவதற்குள் ஆறிப்போயிருந்தன. நாகராஜன் முதல் வாரம் ஒவ்வொன்றுக்கும் கூடத்துக்கு ஓடிப்போய்க் கேட்டுவிட்டு வந்தான். தூரம் அதிகம். அப்புறம் கால் வலிக்கிறது என்று அவனாகவே ஒன்றிரண்டு முடிவு எடுக்க ஆரம்பித்தான். தவறாகத்தான் எடுத்தான், இருந்தாலும் எடுத்தான்.

ஒரு நாள் மதியம், வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தபோது, கூடத்திலிருந்து குரல் வந்தது.

"வத்சலா, இங்க வா."

போனாள். "சொல்லுங்க அத்தை."

"நீ என்ன பண்ணியிருக்கேன்னு எனக்குத் தெரியாதுன்னு நினைச்சுட்டியா?"

வத்சலாவின் கை இடுப்பில் இருந்த சாவிக்கொத்துக்குப் போனது.

"என் மாமியாரை நானும் இப்படித்தான் உக்கார வெச்சேன்" என்றாள் தையல்நாயகி. கீழே விரித்திருந்ததன் ஓரத்தை இரண்டு நகங்களுக்கு நடுவில் பிடித்துத் தேய்த்துப் பார்த்தாள். "பட்டு மட்டும் இதைவிட ஒசத்தி."

நீதி: மூத்தோரை உயரத்தில் வையுங்கள், பட்டு விரியுங்கள், பூ வையுங்கள். கேபிள் மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.