நாற்றுக்கு அரை டிக்கெட் கேட்டவர்

புதுக்கோட்டைச் சீமையில் ‘ஞாயமா’ என்று ஊர் பேர் வைத்த மனுஷர் கோபித்துக்கொள்ளாத பொருள் ஒன்றுகூடக் கிடையாது. வெயிலைத் திட்டுவார். வெயிலுக்கு ஒதுங்கினால், நிழல் நகர்ந்து போகிறதே என்று நிழலைத் திட்டுவார். பஸ் முன்னதாகக் கிளம்பினால் திட்டுவார், தாமதமாகக் கிளம்பினால் கூடுதலாகத் திட்டுவார். தப்பித் தவறிச் சரியான நேரத்துக்குக் கிளம்பிவிட்டால், “இன்னைக்கு முடியுதுல்ல? அப்ப இத்தன நாளும் ஏன்டா முடியல? இது ஞாயமா?” என்பார். மழைக்கு மட்டும் ஒரு விலாசம் இருந்திருந்தால் வக்கீல் நோட்டீஸே போயிருக்கும்.

அவருடைய சொந்தப் பெயர் என்னவென்று ஒரு தடவை கேட்டுவிட்டேன். “பேரு சொன்னாத்தான் டிக்கெட்டுக் குடுப்பியோ?” என்று பாய்ந்தார். அதற்கப்புறம் எனக்கும் அவர் ‘ஞாயமா’தான்.

நான் பேனா பிடிப்பதற்கு முன்னால் விசில் பிடித்தவன். ஐம்பதுகளில், புதுக்கோட்டையில் புறப்பட்டுத் திருக்கோகர்ணம், அன்னவாசல், இலுப்பூர் வழியாகக் கொடும்பாளூர் போய்ச் சேரும் ஒரு தனியார் பஸ்ஸில் கண்டக்டர். டிரைவர் ராவுத்தர், அன்னவாசல்காரர். ஞாயமாவுக்கும் அன்னவாசலை ஒட்டி மேட்டில் கொஞ்சம் நிலம். எங்கள் வண்டியில் அவர் ஏறாத நாள் குறைவு. ஏறினால் டிரைவருக்குப் பின் சீட்டில் உட்கார்ந்து, ஜன்னலுக்கு வெளியே தெரிகிற வயல்களோடு சண்டை போட்டுக்கொண்டே வருவார். “இந்தா பாரு, களையெடுக்காமப் போட்டு வச்சிருக்கான். பயிரு என்னடா பாவம் பண்ணுச்சு?” வயலுக்குச் சொந்தக்காரன் சில சமயம் பின்சீட்டிலேயே இருப்பான். தலையைக் குனிந்துகொள்வான்.

அந்த வருஷம் ஐப்பசியில் பிடித்த மழை விடவே இல்லை. நட்ட பயிர் வேர் பிடிக்கும் நேரம். கண்மாய்கள் ஒன்றன்பின் ஒன்றாக உடைந்தன. மேல் கண்மாய் உடைந்த தண்ணீர் கீழ்க் கண்மாயை உடைத்தது. ரோடு அரித்துக்கொண்டு போனதால் பஸ்ஸும் நின்றது. தண்ணீர் வடிந்து, பள்ளங்களில் கல்லைப் போட்டு நிரவிய பிறகு முதல் நடை எடுத்தோம்.

அன்றைக்குப் பஸ்ஸுக்குள் நடந்ததை என்னவென்று சொல்ல! ஊருக்கு ஒரு விவசாயி, எங்கள் பேச்சில் சம்சாரி, ஏறினார். ஏறியவுடன் அவரவர் ஊர்ச் சேதத்தை அவிழ்த்தார்கள். துக்கம் விசாரிப்பதுபோலத்தான் ஆரம்பித்தது. திருக்கோகர்ணம் தாண்டுவதற்குள் போட்டியாகிவிட்டது.

“எங்க பக்கம் கடலை மண்ணுக்குள்ளயே மொளச்சுப் போச்சுங்க. ஒரு செடியப் புடுங்குனா ஒம்பது செடி வருது.”

“ஒங்களுக்காவது புடுங்க இருக்கு. இலுப்பூர்ப் பக்கம் வந்து பாருங்க, வயலே இல்ல. கெண்டை மீனு துள்ளுது.”

“மீனாவது கெடச்சுச்சே! எங்க கண்மாயில அதுவும் உடைப்போட போயிருச்சு.”

ஞாயமா வாயைத் திறக்க இடம் பார்த்தார். அவர் நிலம் மேடு. தண்ணீர் ஓரமாக வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. பயிர் பச்சென்று நின்றது. அது பஸ்ஸில் எல்லோருக்கும் தெரியும். “எங்க பக்கம்...” என்று அவர் தொடங்கியதுமே, “ஒங்களுக்கென்னங்க, பயிரு நிக்கிது. நீங்க பேசலாமா?” என்று அடக்கிவிட்டார்கள்.

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. “ஏன்டா, பயிரு நின்னது என் குத்தமா? மழை பேஞ்சா எல்லாருக்கும் ஒண்ணாப் பேயணும். அழிச்சா ஒண்ணா அழிக்கணும். ஒருத்தன மட்டும் விட்டுட்டுப் போனா அவன் ஊருக்குள்ள எப்புடிரா தலை காட்டுவான்? இது ஞாயமா?”

தப்பித்ததற்காக வெள்ளத்தின் மேல் கோபப்பட்ட சம்சாரியை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அந்த வாரத்திலேயே சேதம் பார்க்க ஓர் அதிகாரி ஜீப்பில் வந்தார். ரோட்டு ஓரத்தில் நிற்கிற வயல்களை ஜீப்பிலிருந்தே பார்த்தார். ரோடு மேட்டில் போகிறது. மேட்டில் எல்லாம் பயிர் நின்றது. “பரவாயில்லையே, விளைச்சல் திருப்தியா இருக்கும்போல” என்று சொல்லிவிட்டு, செருப்பில் சேறு படாமல் திரும்பிப் போனார். ஞாயமா ஜீப்புக்குப் பின்னால் கொஞ்ச தூரம் ஓடினார். “இறங்கிப் பாருங்கய்யா! அங்கிட்டு இறங்கிப் பாருங்க!” ஜீப் வாரியடித்த சேறு வாய்க்குள் போனதுதான் மிச்சம். அதற்காக அவரைக் கிறுக்கு என்று சிரித்தவர்கள் உண்டு. கிறுக்கு யார் என்று நீங்களே சொல்லுங்கள்.

மறுநாள் கொடும்பாளூர்க்காரி ஒருத்தி வண்டியில் இருந்தாள். பெயர் வெள்ளையம்மாள். புருஷனை இழந்தவள், மகளும் அவளுமாக விவசாயம் பார்க்கிறவர்கள். வழக்கம்போல் போட்டி நடந்துகொண்டிருந்தது. யாரோ, “ஒங்க பக்கம் எப்புடித்தா?” என்று அவளைக் கேட்டார்கள்.

“எங்களுக்கும் கொஞ்சம் போயிருச்சுங்க” என்றாள். அவ்வளவுதான்.

ஞாயமா சட்டென்று திரும்பினார். “கொஞ்சமா? ஊரே ஒண்ணுக்குப் பத்தா அழுவுது, நீ கொஞ்சம்ங்கிறே. அப்ப ஒனக்குப் பயிரு நல்லா நிக்கிது. மறைக்கிறே! நான் மேட்டுல இருக்கேன்னு அம்புட்டுப் பேரும் என்னைய ஏசுறான். ஒன்னைய ஒருத்தனும் கேக்கல. இது ஞாயமா? நானே வந்து பாத்துட்டு வாரேன்!”

அன்னவாசலில் இறங்க வேண்டியவர் இறங்கவில்லை. பொய்யைப் பிடிக்க வேண்டும் என்ற ஒரே வைராக்கியத்தில் கொடும்பாளூர் வரை வந்தார். வண்டி அங்கே மத்தியானம் வெகுநேரம் நிற்கும். வழியில் அடிதடி ஆகிவிடக் கூடாதே என்று நானும் கூடப் போனேன்.

வெள்ளையம்மாள் முன்னால் நடந்தாள். வரப்பு தீர்ந்தது. அதற்குமேல் மணல்தான். கண்மாய்க் கரை அவள் வயலுக்கு நேர் மேலே வாய் பிளந்திருந்தது. இடுப்பளவு மணல் மேவி, வயல் எது, வரப்பு எது, கிணறு எது என்று தெரியவில்லை. மகள் ஒரு கூடையில் மணலை அள்ளி ஓரமாகக் கொட்டிக்கொண்டிருந்தாள். அந்த மணலுக்கு அந்தக் கூடை!

ஞாயமா நின்றார். துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். பிறகு வந்தது பாருங்கள் கோபம்.

“இதையா கொஞ்சம்னே? ஏ ஆத்தா, இதையா கொஞ்சம்னே? வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்தே? அம்புட்டுப் பேரு முன்னாடி கத்தியிருக்க வேணாமா?”

அவள் நிதானமாகச் சொன்னாள்: “எல்லாரும் பெருசு பெருசாச் சொல்லிட்டாங்கண்ணே. எனக்குச் சொல்ல மிச்சம் இல்ல.”

திரும்பி வரும்போது அந்தப் பஸ் பட்ட பாடு! ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஏறுகிறவர்களைப் படிக்கட்டிலேயே பிடித்துக்கொண்டார். “ஒன் கடலை மொளச்சுச்சா? சரி. நாத்து மிச்சம் இருக்கா, இல்லையா? உண்மையச் சொல்லு. மம்முட்டி இருக்கா? வண்டிமாடு இருக்கா? இத்தன நாளு வாயால மணலு அள்ளுனது போதும்டா, நாளைக்கு வந்து கையால அள்ளுங்க!”

முதலில் சிரித்தார்கள். அப்புறம் முனகினார்கள். ஆனால் வராவிட்டால் இந்த மனுஷன் ஆயுசுக்கும் பஸ்ஸில் விடமாட்டார் என்று எல்லோருக்கும் தெரியும். மறுநாளிலிருந்து கொடும்பாளூருக்கு மண்வெட்டியும் கூடையுமாக ஆட்கள் ஏறினார்கள். சிலர் வண்டியே பூட்டிக்கொண்டு போனார்கள். முழு நிலத்தையும் மீட்க முடியாது. ஒரு துண்டு வயலையாவது மணலுக்கடியிலிருந்து வெளியே கொண்டுவந்தார்கள்.

அதில் நட நாற்று வேண்டும். ஞாயமா தன் நாற்றங்காலில் மிச்சம் இருந்ததைப் பிடுங்கினார். அக்கம்பக்கத்திலும் வாங்கினார், அல்லது பிடுங்கினார், எது என்று எனக்குத் தெரியாது. எல்லாவற்றையும் கைப்பிடிக் கட்டுகளாக முடி கட்டி எங்கள் பஸ்ஸின் கூரையில் ஏற்றிவிட்டார். ஈரம் சொட்டும் நாற்று. கூரையிலோ ஓட்டை. இலுப்பூரில் கல்யாணத்துக்குப் போகிற ஒருவர் பட்டு வேட்டியோடு அதற்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தார். சேற்றுத் தண்ணீர் அவர் மடியில் சொட்டுச் சொட்டாக விழுந்தது.

“கண்டக்டர்! இது என்னய்யா அக்கிரமம்?”

நான் பதில் சொல்வதற்குள் ஞாயமா எழுந்துவிட்டார். “நாத்துத் தண்ணி பட்டா வேட்டி செத்தா போயிரும்? இலுப்பூருல போயி எலையில சோறு திங்கப் போறீங்கள்ல, அது எதுலேருந்து வருதாம்?”

அந்த நேரம் பார்த்துச் செக்கிங் இன்ஸ்பெக்டர் கையைக் காட்டி நிறுத்தி ஏறினார். கூரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “இதுக்கு லக்கேஜ் டிக்கெட் எங்கே?”

வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

“லக்கேஜா?” என்றார் ஞாயமா. “மூச்சு வுடுற சீவனுங்க. இன்னைக்கு எறக்கி நடலேன்னா செத்துப் போகும். லக்கேஜு செத்துப் போகுமாய்யா? பச்சப்புள்ளைகளுக்கு என்ன சட்டமோ அதப் போடு. அரை டிக்கெட்டுப் போடு!”

“அரை டிக்கெட்டுன்னா சீட்டுல உட்காரணும்யா” என்று இன்ஸ்பெக்டர் சிரிக்காமல் சொல்லிப் பார்த்தார்.

“உட்காரும். எந்திரிங்க, நாத்தை எறக்கிச் சீட்டுல வைக்கிறேன். எல்லாரும் எந்திரிங்க!”

பட்டு வேட்டிக்காரர் பதறி, “ஐயா, மேலேயே இருக்கட்டும்!” என்று கெஞ்சினார். இன்ஸ்பெக்டர் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிக்கொண்டார். ராவுத்தர் அன்றைக்கு ஓட்டிய ஓட்டம், பயிர் வாடிவிடுமே என்று பயந்து ஓட்டிய ஓட்டம்.

அன்று பொழுது சாய்வதற்குள் நட்டு முடித்தார்கள். மாசியில் அறுத்தார்கள். பின்தங்கி நட்டது, மணல் கலந்த மண், கருது சின்னதுதான். பாதிக்குமேல் பதர். ஆனாலும் களத்தில் ஒரு குவியல் இருந்தது. அந்தக் குவியலைப் பார்க்க ஞாயமா கொடும்பாளூர் போய்விட்டு எங்கள் வண்டியில்தான் திரும்பினார். விளைச்சல் போதாது, பதர் அதிகம், மண் துரோகம் செய்துவிட்டது என்று அன்னவாசல் வரை முழங்கப்போகிறார் என்று நானும் ராவுத்தரும் காதைத் தயார் செய்துகொண்டோம்.

மனுஷன் வாயே திறக்கவில்லை. இலுப்பூர் தாண்டியும் திறக்கவில்லை. ராவுத்தரால் பொறுக்க முடியவில்லை. “என்னங்க, ஒடம்புக்கு முடியலையா?”

“தொண்டை கட்டிருச்சு, ராவுத்தரே” என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். துண்டின் நுனி அடிக்கடி கண்ணுக்குப் போய்விட்டு வந்தது.

அத்தனை வருஷ உத்தியோகத்தில் அந்த ஒரு நடைதான் அவர் ஏறியும் சத்தமில்லாமல் ஓடியது. எனக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை.