மூன்று மாதம் பிந்தி வரும் போர்

உலகத்தில் எந்த மூலையில் சண்டை என்றாலும் அது செலையூரில் எங்கள் தெருமுனையில், வேப்பமரத்தடி இஸ்திரி வண்டியில் வந்துதான் சூடு பிடிக்கும். அந்த வண்டிக்காரருக்குப் பெற்றவர்கள் ஒரு பெயர் வைத்திருப்பார்கள். பதினைந்து வருஷமாக நான் கேட்டதில்லை. தெருவுக்கு அவர் 'உலகப்போர்'. "உலகப்போர் அண்ணே, நீலச் சட்டை ரெடியா?" என்றால் திரும்பிப் பார்ப்பார். கோபமே வராது. பட்டம் கொடுத்த மாதிரி ஒரு நிமிர்வு வேறு.

எல்லாவற்றுக்கும் காரணம் பேப்பர். தேய்த்த துணியைச் சுற்றிக் கொடுக்க, பழைய பேப்பர் கடையில் கட்டுக்கட்டாக வாங்கி வருவார். சுற்றுவதற்கு முன்னால் ஒரு வரி விடாமல் படித்துவிடுவார். தேதியை மட்டும் பார்க்க மாட்டார். அதனால் அவருடைய போரெல்லாம் மூன்று மாதம் பிந்தித்தான் நடக்கும். சம்பந்தப்பட்ட தலைவர்கள் கைகுலுக்கி, விருந்து சாப்பிட்டு, ஊர் போய்ச் சேர்ந்திருப்பார்கள். இங்கே இவருக்கு அப்போதுதான் மூளும்.

"சார்! கொரியாக்காரன் பட்டன் மேல விரல வெச்சிக்கினு கீறான் சார்! மாடில காயப்போட்ட துணிய எடுக்கச் சொல்லு!"

"அண்ணே, அது எப்பவோ ஆறிப்போன விஷயம். டிவியில காட்டினானே."

"டிவில ஆயிரம் வேஷம் போடுவான். இங்க அச்சடிச்சிக்கீது பாரு. அச்சுல பொய் வருமா?"

நான் பத்தாவதோடு நின்றவன். அச்சு என்றதும் நானும் மாடிப் பக்கம் ஒருதரம் பார்த்துக்கொள்வேன்.

பக்கத்தில் விமானப்படைத் தளம். காலையில் பயிற்சி விமானங்கள் தலைக்கு மேலே போகும். எங்களுக்கு அது பால்காரர் மணி மாதிரி. இவர் மட்டும் இஸ்திரிப் பெட்டியை ஓரமாக வைத்துவிட்டு எண்ணுவார். போனது எத்தனை, திரும்பி வந்தது எத்தனை. ஒன்று குறைந்தாலும் அன்றைக்குத் துணி தேயாது. ஒரு சனிக்கிழமை எண்ணுகிற அவசரத்தில் பெட்டியை ஓரமாக வைக்க மறந்துவிட்டார். பெட்டி உட்கார்ந்திருந்தது எங்கள் சபைப் போதகரின் வெள்ளை அங்கியின் முதுகில்.

மறுநாள் ஆராதனையில் போதகர் திரும்பும்போதெல்லாம் முதுகில் பழுப்பாக ஓர் இஸ்திரிப் பெட்டி. ஜெபத்தில் கண்ணை மூடவே முடியவில்லை. கர்த்தர் மன்னிக்க வேண்டும். கேட்கப் போன போதகருக்கு இவர் சொன்ன ஆறுதல்: "ஐயா, அணுகுண்டு வுழுந்தா மொத்த தாம்பரமும் இந்தக் கலர்தான். உங்களுக்கு முதுகோட போச்சேன்னு சந்தோஷப்படுங்க."

அதற்கடுத்த கோடையில், பக்கத்து அடுக்குமாடியின் தண்ணீர்த் தொட்டி காய்ந்து கிடந்தது. தரைக்கடியில் இருக்கிற பெரிய சம்ப். அணுகுண்டுக்கு இதைவிடப் பாதுகாப்பான இடம் ஏது என்று முடிவு கட்டிவிட்டார் உலகப்போர். இரண்டு மூட்டை கரி, ஒரு பாய், நாலு பாக்கெட் பன் எல்லாம் உள்ளே இறங்கின. "தெருவுக்கே எடம் கீது. வரிசையா எறங்கணும், தள்ளக்கூடாது" என்று வீடு வீடாகச் சொல்லிவிட்டும் வந்தார். மறுநாளே தண்ணீர் லாரி வந்தது. உள்ளே எட்டிப் பார்க்காமல் குழாயை விட்டார்கள். சாயங்காலம் பதினாறு வீட்டிலும் குழாயைத் திறந்தால் கறுப்பாகக் கொட்டுகிறது. துவைத்த வெள்ளைத் துணியெல்லாம் கரித்துணியாகி, தேய்க்க அவரிடமே வந்து சேர்ந்தது. ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்து, "நான் அப்பவே சொன்னேன்ல, எல்லாம் கருகும்னு" என்றார்.

என் ஒரே மகள் கிரேஸ் நர்ஸ். பொத்தேரிப் பக்கம் படித்த நாலு வருஷமும் அவளுடைய வெள்ளை யூனிபார்மைத் தேய்த்தது உலகப்போர்தான். ஒருநாளும் அதில் ஒரு சுருக்கம் இருந்ததில்லை. விமானம் பறந்தால்கூட, பெட்டியைத் தள்ளி வைத்துவிட்டுத்தான் எண்ணுவார். வளைகுடா நாட்டில் வேலை கிடைத்து அவள் கிளம்பிய அன்று, ஆட்டோ வரைக்கும் வந்து குனிந்து சொன்னார்: "பாப்பா, அங்க போனதும் மொத வேலையா சம்ப் எங்க கீதுன்னு பாத்து வெச்சிக்கோ."

போன கோடையில் அவள் இருக்கிற ஊர்ப் பக்கமே நிஜமாக மூண்டது. ஒரு நாடு அணுகுண்டு செய்கிறது என்று இன்னொரு நாடு அடிக்க, அது திருப்பி அடிக்க, ஏவுகணையெல்லாம் என் மகள் தலைக்கு மேலே. விமானங்களை நிறுத்திவிட்டார்கள். மூன்று நாளாகக் கிரேஸுக்குப் போன் போகவில்லை.

எனக்கு உட்கார முடியவில்லை. ஹாலில் இருந்து வாசல், வாசலில் இருந்து அடுப்பங்கரை என்று நடந்துகொண்டே இருந்தேன். என் மனைவி எஸ்தர் முழங்காலில் நின்றவள் எழுந்திருக்கவில்லை. நானும் ஜெபிக்க ஆரம்பிப்பேன், பாதியில் போனை எடுத்துப் பார்ப்பேன், மறுபடி முதலில் இருந்து ஆரம்பிப்பேன்.

ஓர் எரிச்சலில் இஸ்திரி வண்டிக்குப் போனேன். இந்த மனுஷன் இன்றைக்கு என்ன கூத்தடிக்கிறாரோ, நாலு வார்த்தை திட்டினாலாவது மனசு ஆறும் என்று. அங்கே பைக்கில் வந்த ஒருவன் சிரித்துக்கொண்டிருந்தான்.

"இன்னா உலகப்போர், உன் சண்டை வந்துடுச்சே. கேக் வெட்டலாமா?"

இவர் சூடான பெட்டியைக் கையில் தூக்கிவிட்டார். "வாய மூடுறியா, தேச்சி வுடட்டா? சார் வூட்டுப் பொண்ணு அங்க கீது."

பைக் பறந்துவிட்டது. என்னைப் பார்த்ததும் பெட்டியை இறக்கினார்.

"என்னண்ணே, இந்தச் சண்டையப் பத்தி நீங்க ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறீங்க?" என்று நானே கேட்டேன்.

"ஒண்ணும் ஆவாது சார். சும்மா பூச்சாண்டி காட்டுறானுங்க."

அப்போதுதான் எனக்கு நிஜமான பயம் வந்தது. கொரியாவுக்கெல்லாம் துணியை எடுக்கச் சொன்னவர் ஒன்றும் ஆகாது என்கிறாரே!

வண்டியில், கரிச்சாக்குக்கு அடியில் அவசரமாகச் செருகிய பேப்பர் ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. மடிப்பு கலையாத புதுப் பேப்பர். அன்றைய தேதி. மனுஷன் காசு கொடுத்துக் கடையில் வாங்கியிருக்கிறார். நான் பார்த்ததைப் பார்த்துவிட்டு, "பாப்பா இருக்குற ஊர் பேர் இதுல எங்கயும் இல்ல சார். ரெண்டு தபா தேடிட்டேன்" என்றார்.

வீட்டுக்கு வந்தால் எஸ்தர் மூன்று நாளாக வந்த துணிப் பொட்டலத் தாள்களைத் தடவித் தடவி விரித்து வைத்திருந்தாள். முதல் நாள் மணமகன் தேவை. இரண்டாம் நாள் வெண்டைக்காய் மோர்க்குழம்பு. மூன்றாம் நாள் குழந்தைகள் வண்ணம் தீட்டும் யானை. "ஒரு குண்டுகூட இல்லைங்க. பொறுக்கிப் பொறுக்கிச் சுத்தியிருக்கார்" என்றவள் அழுதுவிட்டாள். அவருடைய பேப்பர் மூன்று மாதப் பழசு. இந்தச் சண்டை அதில் இருக்கவே முடியாது. இருந்தும் பொறுக்கியிருக்கிறார்.

நான்காம் நாள் காலை போன் வந்தது. "அப்பா, நல்லா இருக்கேன்பா. பேஷண்ட் எல்லாரையும் ஆஸ்பத்திரிக் கீழ்த்தளத்துக்கு எறக்கிட்டோம். அங்க சிக்னல் இல்ல. உலகப்போர் அங்கிள் கிட்ட சொல்லுங்க, இங்க சம்ப் இருக்குன்னு."

செருப்புக்கூடப் போடாமல் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. குனிந்து கரியை ஊதினார். வெகுநேரம் ஊதினார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பொகை சார்" என்றார்.

சண்டை நின்றது. கிரேஸ் இன்னும் அங்கேதான் இருக்கிறாள். எந்த நாட்டுக்காரன் எப்போது என்ன செய்வான் என்று எனக்குத் தெரியாது. ஆனால் காலையில் தெருமுனையில் இருந்து, "சார்! ரஷ்யாக்காரன் கப்பல எறக்கிட்டான்! துணிய எடுங்க!" என்று சத்தம் கேட்டால் நிம்மதியாகக் காப்பி குடிக்கிறேன். கேட்காவிட்டால்தான் வாசலுக்கு வந்து நிற்கிறேன்.

தினமும் என் ஜெபத்தில், மகளுக்கு அடுத்தபடியாக, இப்போது ஒரு வரி கூடியிருக்கிறது: கர்த்தாவே, அந்த மனுஷனுடைய வாயை மட்டும் அடைத்துவிடாதேயும்.