என்ன வேலை கேட்பது, முருகா?

எனக்கு என்ன வேலை பிடிக்கும் என்று எனக்குத் தெரியாது. இதை இருபது வயதில் சொன்னால், "சின்னப் பையன்தானே, போகப் போகத் தெரியும்" என்பார்கள். முப்பத்திரண்டு வயதில் சொன்னால் நம்மிடம் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். பக்கத்தில் நிற்கும் அம்மாவைப் பரிதாபமாகப் பார்ப்பார்கள். அந்தப் பார்வையை வாங்கி வாங்கி என் அம்மாவுக்கு வெறுத்துப்போன வருடத்தில்தான் நான் தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுத்தேன்.

எடுத்தேன் என்ன எடுத்தேன், எடுக்க வைக்கப்பட்டேன்.

அதற்குமுன் என் அருமை பெருமைகளைச் சொல்லிவிடுகிறேன். நான் பாலிடெக்னிக் போன சமயத்தில் 'இனிமேல் எல்லாமே பயோடெக்னாலஜிதான்' என்று ஊரே சொன்னது. ஊர் சொன்னதை நானும் கேட்டேன். துவாஸில் ஒரு மருந்துத் தொழிற்சாலையின் ஆய்வுக்கூடத்தில் சில வருடம் ஓடியது. ஒருநாள் மதியம் சோதனைக் குழாயும் கையுமாக நிற்கும்போது, இதையே தலை நரைக்கும்வரை செய்யப் போகிறோமா என்று தோன்றியது பாருங்கள், மூச்சு முட்டிவிட்டது. ராஜினாமா. அடுத்தது காப்புறுதி பாலிசி விற்பனை. முதல் வாடிக்கையாளர் அம்மா, அடுத்தவர் அக்கா, அதற்கடுத்தவர் கடைசிவரை கிடைக்கவில்லை. பிறகு துணைப்பாட ஆசிரியர். (நான் கணக்குச் சொல்லிக்கொடுத்த பையன் பரீட்சையில் அமோகமாகத் தேறினான். தமிழில்.) அதன்பிறகு ரொட்டி சுடும் பயிற்சி. நான் சுட்ட ரொட்டியை அக்கா வீட்டில் கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்க முட்டுக்கொடுத்து வைத்திருந்தார்கள்.

இதில் கொடுமை என்னவென்றால், ஒவ்வொன்றிலும் சேரும்போது 'இதுதான்டா நமக்கானது' என்று மனதார நம்பித்தான் சேர்ந்தேன். சோம்பேறி என்று யாராவது திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். நான் சோம்பேறி இல்லை. கூடப் படித்தவர்கள் எல்லாம் ஏதோ ஒன்றாக ஆகிவிட்டார்கள், நான் மட்டும் இன்னும் ஒன்றுமே ஆகவில்லை. எம்ஆர்டி ரயிலில் காலையில் கழுத்தில் அலுவலக அட்டை மாட்டிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்தாலே எனக்கு அழுகை வரும்.

இந்த நிலைமையில்தான் மச்சான் வந்தார். அக்காவின் கணவர். ஜூரோங்கில் ஒரு சரக்குக் கிடங்கில் மேலாளர். அங்கே சூப்பர்வைசர் வேலை ஒன்று காலியாகி இருந்தது.

"தினேஷ், பாஸ்கிட்ட பேசி மண்டே வரைக்கும் ஹோல்ட் பண்ணி வச்சிருக்கேன் லா. வர்றியா, வரலியா? ஒரே வார்த்த சொல்லு."

அந்த ஒரே வார்த்தைதான் என்னிடம் இல்லை. அந்த வேலை பிடிக்கவில்லை என்றும் சொல்ல முடியவில்லை, பிடித்திருக்கிறது என்றும் சொல்ல முடியவில்லை. எங்கள் புக்கிட் பாத்தோக் வீட்டின் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றார்.

"இத்தன வருஷமா உம்பேருக்கு அர்ச்சன பண்றேன். நல்ல வேல குடு, நல்ல வேல குடுன்னு பொதுவா கேட்டேன். அவரும் பொதுவா நாலு வேல குடுத்தாரு. நாலும் போச்சு. சனிக்கிழம தைப்பூசம். நீயே பால்கொடம் எடு. நீயே வாயத் தொறந்து, இன்ன வேலன்னு பேர் சொல்லிக் கேளு. மச்சான் சொல்ற வேலைன்னா அதக் கேளு, இல்லாட்டி வேற எதையாவது கேளு. கேட்டுட்டு வந்து மண்டே மச்சானுக்குப் பதில் சொல்லு. அவ்வளவுதான்."

அம்மா ஏற்கெனவே எனக்காக விரதத்தைத் தொடங்கியிருந்தார். (எனக்கும் சேர்த்துத்தான். மீன் குழம்பு நின்றுபோனதை வைத்து நானே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.)

சனிக்கிழமை காலை சிராங்கூன் சாலையில் இருந்து புறப்பட்டோம். தலையில் குடம், இடுப்பில் மஞ்சள் வேட்டி, காலில் செருப்பில்லை. ஒரு பக்கம் அம்மா, இன்னொரு பக்கம் அக்கா, முன்னால் மச்சான் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்தபடி. கிள்ளானில் இருக்கும் பெரியம்மாவுக்கு வீடியோ காலில் நேரடி ஒளிபரப்பாம்.

எனக்கு முன்னால் முன்பின் தெரியாத ஒரு அக்கா பால்குடத்தோடு போனார். என்ன வேண்டுதல் என்று பேச்சுக்குக் கேட்டேன். செங்காங்கில் நாலு அறை வீடு, எம்ஆர்டி பக்கம், காலை வெயில் விழ வேண்டும், குப்பைத்தொட்டி வாசலில் இருக்கக் கூடாது, மாடி பத்துக்கு மேல், ஆனால் உச்சி மாடி வேண்டாம் என்று மூச்சு விடாமல் சொன்னார்.

"தம்பி நீங்க?"

"வேலைக்கு."

"என்ன வேல?"

"அதத்தான்க்கா யோசிச்சிட்டு வர்றேன்."

அந்த அக்கா திரும்பி என்னைப் பார்க்கவில்லை. என் அம்மாவைப் பார்த்தார். அதே பார்வை.

சரி, வழியில் முடிவு செய்துவிடலாம், டேங்க் ரோடு முருகன் கோவில் என்ன பக்கத்திலா இருக்கிறது என்று தைரியமாகத்தான் இருந்தேன். செலிகி ரோட்டில் கிடங்கு வேலையே போதும் என்று முடிவெடுத்தேன். அடுத்த சிக்னலுக்குள் மனசு மாறிவிட்டது. டோபி காட் வந்தபோது தாதியர் படிப்பு படிக்கலாமா என்று யோசித்தேன். ரத்தத்தைப் பார்த்தால் எனக்கு மயக்கம் வரும் என்பது கொஞ்சம் தாமதமாக ஞாபகம் வந்தது. தண்ணீர்ப் பந்தலில் மோர் கொடுத்த பையனின் சிரித்த முகத்தைப் பார்த்ததும், சமூக சேவை! என்றது மனசு. தார் ரோட்டில் உள்ளங்கால் வெந்தது. அதைவிட அதிகமாக உள்ளே ஏதோ வெந்துகொண்டிருந்தது. எல்லாரும் 'வேல் வேல்' என்று உருகிக்கொண்டு போகிறார்கள், நான் மட்டும் விண்ணப்பத் தாளில் காலியிடத்தை நிரப்பத் தெரியாதவன் மாதிரி முழித்துக்கொண்டு போகிறேன்.

கோவில் வந்துவிட்டது. உள்ளே நல்ல கூட்டம். ஒவ்வொருவரும் சந்நிதி முன்னால் சில விநாடிதான் நிற்கலாம். தொண்டூழியர் ஒருவர் குடத்தை வாங்கி உள்ளே கொடுப்பார், நாம் கும்பிட்டுவிட்டு நகர வேண்டும். செங்காங் அக்கா போனார், கண்ணை மூடினார், உதடு படபடவென்று அசைந்தது, நகர்ந்துவிட்டார். மொத்த வீட்டையும் கேட்டு முடித்துவிட்டார் போலிருக்கிறது.

அடுத்து நான். தொண்டூழியர் குடத்தைப் பிடித்தார். நான் விடவில்லை.

"சார், குடுங்க சார்."

"ஒரு நிமிஷம்ங்க. இன்னும் கேக்கல."

"குடுத்துட்டுக் கேளுங்க சார்!"

கொடுத்துவிட்டால் நகரச் சொல்லிவிடுவார்களே! அவர் இழுத்தார். நான் இழுத்தேன். குடத்தின் வாயில் கட்டியிருந்த மஞ்சள் துணி அவிழ்ந்து, பால் அவர் சட்டையில் பாதி, என் தாடியில் பாதி. பின்னால் வரிசை நின்றுவிட்டது. அதற்கும் பின்னால் காவடிக்காரர் ஒருவர் அலகு குத்திய வாயோடு என்னை முறைத்தார். அவரால் பேச முடியாமல் போனது நான் செய்த புண்ணியம்.

"என்னாச்சு அங்க?"

"அந்த ஆளுக்கு என்ன வேல கேக்குறதுன்னு தெரியலயாம்!" என்று செங்காங் அக்கா திரும்பி நின்று சொன்னார்.

அவ்வளவுதான், ஆளாளுக்கு ஆரம்பித்துவிட்டார்கள். கவர்ன்மென்ட் வேலை கேளுப்பா, பென்ஷன்... இல்ல இல்ல, ஐடி கேளு. பால்குடம் எடுத்து வந்திருந்த ஒரு சீன நண்பர் என் தோளைத் தட்டி, "பிரதர், ஜாப் வேணாம் லா. ஃபோர் டி லாட்டரி நம்பர் கேளு," என்றார். மச்சானின் கைப்பேசியில் இருந்து பெரியம்மா, "டீச்சர் வேல கேக்கச் சொல்லு, லீவு நெறைய உண்டு!" என்று கிள்ளானில் இருந்தபடி கத்தினார்.

எல்லாக் குரலையும் மீறி அம்மாவின் குரல் வந்தது. "டேய், எதையாவது கேளுடா!"

அந்தக் குரலில் கோபம் இல்லை. கெஞ்சல். என் அம்மா யாரிடமும் கெஞ்சி நான் பார்த்ததில்லை. முருகனைப் பார்த்தேன். அவர் கையில் வேல், முகத்தில் சிரிப்பு. வாயைத் திறந்தேன். என் வாயில் இருந்து, கோவிலே கேட்கும்படி, இதுதான் வந்தது:

"முருகா, எனக்குக் கொஞ்சம் டைம் குடு!"

ஒரு விநாடி மேளம்கூட நின்ற மாதிரி இருந்தது. தொண்டூழியர் அந்த விநாடியில் குடத்தைப் பிடுங்கிக்கொண்டார். அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார்.

வெளியே அன்னதானத்தில் அம்மா சாம்பார் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை.

"இதுக்காடா நான் விரதம் இருந்தேன்?"

"எனக்குத் தெரியலம்மா. நெசமாவே தெரியல. தெரியாதுன்னு சொல்லக் கூச்சப்பட்டுக்கிட்டுத்தான் ஒவ்வொரு வேலையா போயிட்டு இருந்தேன்."

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, தன் இலையில் இருந்த வடையை எடுத்து என் இலையில் வைத்தார். செவ்வாய்க்கிழமைவரை என்னோடு பேசவில்லை. திங்கட்கிழமை நான் மச்சானுக்குப் பதில் சொல்லாததால் அந்த வேலை வேறு யாருக்கோ போய்விட்டது. சனிக்கிழமை நடந்ததைப் பெரியம்மா கிள்ளான் முழுக்கச் சொல்லி முடித்திருந்தார்.

இது நடந்து ஏழு வருடமாகிறது. முருகன் கேட்டதைக் கொடுக்கிறவர் என்பதில் எனக்கு இப்போது துளியும் சந்தேகம் கிடையாது. டைம் கேட்டேன், கொடுத்தார், இன்னும் கொடுத்துக்கொண்டே இருக்கிறார். நடுவில் நூலகத்தில் இருந்தேன், பார்சல் கொண்டுபோய்க் கொடுத்தேன், இந்த வாரம்வரை ஒரு பல் கிளினிக்கில் முன்பதிவு எடுக்கிறேன். (நல்ல இடம்தான். அதுதான் பயமாக இருக்கிறது.) அக்கா மகள் பரீட்சைக்கு முன்னால் கோவிலுக்குக் கிளம்பினால் மச்சான் வாசலிலேயே நிறுத்தி, "மாமா மாதிரி எதையாவது உளறி வச்சிடாதம்மா, சாமி அப்படியே குடுத்துடும்," என்கிறார். வீட்டில் யார் மெனு அட்டையைப் பார்த்துத் தயங்கினாலும், "இவங்களுக்குக் கொஞ்சம் டைம் குடு முருகா" என்று எல்லாரும் கோரஸாகப் பாடுகிறார்கள். நானும்தான் பாடுகிறேன், வேறு என்ன செய்ய?

போன வருடம் அம்மாவுக்கு இதயத்தில் அடைப்பு என்று மருத்துவமனையில் சேர்த்தோம். பிழைத்து வந்தார். இந்தத் தைப்பூசத்துக்குத் தானே பால்குடம் எடுப்பேன் என்று ஒரே பிடிவாதம். அவ்வளவு தூரம் நடக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால், டாக்சியில் நேராகக் கோவிலுக்கு அழைத்துப் போனோம். சந்நிதி முன்னால் அம்மா வரிசையை ஒரு விநாடிகூட நிறுத்தவில்லை. போனார், கேட்டார், வந்தார்.

வெளியே வந்ததும் அக்கா விடவில்லை. "என்னம்மா, தினேஷுக்குத்தானே கேட்டீங்க? இந்தத் தடவயாச்சும் என்ன வேலன்னு பேர் சொல்லிக் கேட்டீங்களா?"

"அவனுக்கு எதுக்கு நான் கேக்கணும்? எனக்குத்தான் கேட்டேன்."

"உங்களுக்கா? என்ன கேட்டீங்க?"

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு படியில் மெதுவாக இறங்கினார். "எனக்கும் கொஞ்சம் டைம் குடு முருகா, இவன் என்னவா ஆவுறான்னு பாத்துட்டு வந்துடறேன்னேன்."