இடது தோளின் துயரம்

கேமரா பிடிக்கத் தெரிந்தவன் எப்படியாவது பிழைத்துக்கொள்வான். தனக்கு எழுதவும் வரும் என்று அவன் நினைத்துவிட்டால், கூட இருப்பவர்கள் பிழைப்பதுதான் கஷ்டம்.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் நான் போட்டோகிராபர். சட்டைகளைப் பொம்மைக்கு மாட்டிப் படமெடுத்து, வெளிநாட்டுக்காரர்கள் சார்பில் சரக்கைச் சரிபார்க்கும் பையிங் ஆபீசுக்கு அனுப்ப வேண்டும். அந்தப் பொம்மைக்குத் தலை கிடையாது. (எனக்கு இருந்தும் பயனில்லை.)

அப்போது ஆன்லைனில் ஒரு புகைப்பட வகுப்பில் சேர்ந்திருந்தேன். "உங்கள் படத்தைப் பற்றி நீங்களே எழுதுங்கள். பார்வை ஆழமாகும்" என்றார் ஆசிரியர். விடுவேனா? அன்று எடுத்த நீல டி-ஷர்ட் படத்தின் கீழே எழுத உட்கார்ந்தேன். 'நீலம்' என்பதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. உற்றுப் பார்த்தேன். பார்க்கப் பார்க்க ஏதோ பிடிபட்டது.

"இவன் இடது தோள் சற்றே தாழ்ந்திருக்கிறது. யாரிடமும் சொல்லாத பாரத்தைச் சுமக்கிறான்."

எழுதி முடித்ததும் எனக்கே கண் கலங்கியது. (தோள் ஏன் தாழ்ந்திருக்கிறது என்று ஒரு நொடி யோசித்திருக்கலாம். கலைஞனுக்கு அதற்கெல்லாம் ஏது நேரம்?) அந்த எழுத்தோடு படத்தை அப்படியே பையிங் ஆபீசுக்கு அனுப்பியும் விட்டேன்.

மறுநாள் அங்கிருந்து ஒரு மேடம் அளவு டேப்போடு வந்து இறங்கினார். பேக்கிங்கில் இருந்த சட்டைகளை எடுத்து அளந்தார். எல்லாவற்றிலும் இடது தோள் இறங்கியிருந்தது.

"எங்க ஆளுகளே பாக்காம உட்டுட்டாங்க. போட்டோவுல கண்டுபிடிச்சுட்டீங்களே!" என்று முதலாளி முன்னாலேயே என்னைப் பாராட்டினார். என் எழுத்துக்குக் கிடைத்த முதல் விமர்சனம்.

முதலாளி குரலை உயர்த்தவில்லை.

"ஏனுங்க தம்பி, தோள் எறங்கியிருந்தா எங்கிட்டச் சொல்லோணுமா, அவங்களுக்குக் கவிதை எழுதோணுமா?"

"அது கவிதை இல்லீங்க, உரைநடைங்க."

இதைச் சொல்லாதிருந்தால் திட்டோடு முடிந்திருக்கும். சொன்னதால், கட்டிய பெட்டிகளையெல்லாம் பிரித்து, சட்டைகளைத் தையல் பிரிவுக்குச் சுமக்கும் வேலை எனக்கு வந்தது.

"எழுதுனது நீரு, தையலப் பிரிக்கது நாங்களா வே?" என்றார் தென்காசிப் பக்கத்து டெய்லர் அக்கா.

மேடம் சிபாரிசில் என் வேலை போகாமல் தப்பியது. இன்றும் என் படங்களைப் பற்றி எழுதுகிறேன். பார்வை நிஜமாகவே ஆழமாகியிருக்கிறது. ஆனால் யாருக்கும் அனுப்புவதில்லை.

கதை மட்டும் எப்படியோ மாமனார் வீடு வரை போய்விட்டது. வெள்ளகோவிலில் மச்சினன் கல்யாணம். கேமராவோடு மேடையேறிய என்னைப் பார்த்து, மண்டபத்துக்கே கேட்கும்படி மாமியார் சொன்னார்:

"மாப்ள, போட்டோ எத்தன வேண்ணாலும் எடுங்க. எம் பையனப் பத்தி மட்டும் ஒண்ணும் எழுதிப்போடாதீங்க சாமி. பொண்ணூட்டுக்காரங்க படிச்சுப்போடுவாங்க!"