தாமரை பூத்த பல் ஆஸ்பத்திரி

உலகத்தில் ஓர் இனம் உண்டு. அவர்களால் எதையும் வெறுமனே பார்க்க முடியாது. தாமரையைப் பார்த்தால் நீங்களும் நானும் தாமரை என்போம். அவர்கள் தொண்டையைக் கனைப்பார்கள். கனைப்புக் கேட்டதும் நழுவத் தெரிந்தவன் பிழைத்தான்.

நம்முடைய ஆள் தபால் அலுவலகத்தில் இருபத்தெட்டு வருடம் முத்திரை குத்தி ஓய்வு பெற்றவர். அங்கே அவருக்கு வைத்த பெயர் 'தத்துவம்'. சங்கு என்றால் ஆதி ஒலி, சக்கரம் என்றால் காலம், யானைத் தலை என்றால் அறிவு, அந்தச் சாமியின் காலடியில் எலி என்றால் அடங்கிய ஆசை என்று அவர் ஆரம்பித்தால், தபால்தலை வாங்க வந்தவர் கடிதத்தை நேரிலேயே கொண்டு போய்க் கொடுத்துவிடலாம் என்று கிளம்பிவிடுவார். ஓய்வுக்குப் பிறகு கேட்பதற்கு மனைவி மட்டும்தான் மிச்சம். அந்த அம்மாளுக்குக் காது மந்தம். அப்படித்தான் அந்த அம்மாள் சொல்லிக்கொண்டார்.

இந்தச் சமயத்தில் மகள் பல் டாக்டராகி, சொந்தமாக ஆஸ்பத்திரி திறந்தாள்.

"போர்டை மட்டும் என்கிட்ட விட்டுடும்மா" என்றார் தத்துவம். நாற்காலி வந்தும் கருவிகள் வந்து சேராத தவிப்பில் இருந்தவள், விட்டுவிட்டாள்.

போர்டு மாட்டியாயிற்று. நடுவில் தாமரை, தாமரைமேல் அன்னம், இரண்டு பக்கமும் சங்கு, உச்சியில் ஓம், அடியில் சக்கரம். 'பல்' என்ற சொல்லும் இருந்தது. அன்னத்தின் வாலுக்கடியில், சுண்டுவிரல் நகம் அளவுக்கு.

"இதழ் எட்டு இருக்கு, பாத்தீங்களா? எட்டுத் திசை" என்றார் தத்துவம், போர்டு வரைந்த பெயிண்டரிடம்.

"எட்டுக்குத்தான் சார் இடம் இருந்துச்சு" என்றார் பெயிண்டர்.

"அந்த இடத்தைக் கொடுத்தது யாரு?"

பெயிண்டர் ஏணியை மடக்கினார்.

முதல் வாரம் மூன்று பேர் வந்தார்கள். ஒருவர் தியான வகுப்பு எத்தனை மணிக்கு என்று கேட்டார். இன்னொருவர், மூச்சுப் பயிற்சியில் தோள்வலி போகுமா என்றார். மூன்றாமவர் விலாசம் தப்பி வந்தவர். சனிக்கிழமை காலை மகள் அப்பாவை ஜன்னலுக்குக் கூப்பிட்டாள்.

"அங்க பாருங்கப்பா."

வீங்கின கன்னத்தைக் கையில் தாங்கிக்கொண்டு ஒருவர் கீழே நின்றார். அண்ணாந்து அன்னத்தைப் பார்த்தார், சங்கைப் பார்த்தார், சக்கரத்தைப் பார்த்தார். அப்புறம் தெருமுனை திரும்பிப் போய்விட்டார்.

"அவருக்கு அர்த்தம் புரியலை" என்றார் தத்துவம்.

"அவருக்குப் பல்லு வலிக்குது." மகள் குரலை உயர்த்தவில்லை. "அன்னம் பாலையும் தண்ணியையும் பிரிக்கும், சரி. பல்லைப் பிடுங்குமாப்பா?"

அவள் கண் கலங்கியிருந்தது. தத்துவம் தொண்டையைக் கனைத்துப் பார்த்தார். வெறும் கனைப்புதான் வந்தது. அன்று மத்தியானமே பெயிண்டரைத் தேடிப் போனார்.

"வெள்ளை அடிச்சுட்டு, ஒரு பல்லு மட்டும் போடுங்க."

"எந்தப் பல்லு சார்?"

"ஏதோ ஒரு பல்லு." சொல்லும்போது மனசு விட்டுப் போயிற்று.

மறுநாளிலிருந்து கன்னங்கள் வர ஆரம்பித்தன. தத்துவம் மூலை நாற்காலியில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள் ஒரு லாரி ஓட்டுநர் வந்தார். மலைப்பாதையில் பாரம் ஏற்றிப் போகிற மனுஷன், ஊசியைக் கண்டதும் நாற்காலியின் கையைப் பிடுங்கிவிடுவார் போலிருந்தது.

"அப்பா, இவர்கிட்ட ஏதாவது பேசுங்க."

"எதைப் பத்தி?"

"எதைப் பத்தி வேணும்னாலும்."

இப்படி ஒரு அனுமதி அவருக்கு ஆயுசில் கிடைத்ததில்லை. "தம்பி, பல்லு எத்தனை? முப்பத்திரண்டு. அந்த எண்ணிக்கை சும்மா வந்ததில்ல" என்று தொடங்கினார். ஓட்டுநரின் வாயில் பஞ்சு. மறுக்க முடியாது, எழுந்து ஓடவும் முடியாது. கண்ணை அகல விரித்துக் கேட்டுக்கொண்டே இருந்தார். தாமரை இதழைப் பெருக்கி, திசைகளைக் கூட்டி, தத்துவம் முப்பத்திரண்டை நெருங்கும்போது பல் தட்டில் விழுந்து கிடந்தது.

ஓட்டுநர் வாயைக் கொப்பளித்தார். கன்னத்தைத் தடவிப் பார்த்தார்.

"இப்ப முப்பத்தொண்ணு ஆயிடுச்சே சார். அதுக்கு என்ன அர்த்தம்?"

தானாக ஒரு மனிதன் அவரைக் கேட்டது அதுதான் முதல் தடவை. தத்துவம் தன் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். பதில் சொல்ல முக்கால் மணி நேரம் ஆனது. மகள் தடுக்கவில்லை, அடுத்த நாற்காலியில் இன்னொருவர் ஊசிக்குப் பயந்துகொண்டிருந்தார்.

ஓட்டுநரைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். முப்பத்தொன்றுக்கும் ஏதாவது இருக்குமோ என்று ஒரு நொடி நீங்களும் யோசித்தீர்களே, அதற்கு என்ன பெயர் வைக்கலாம்?